புயலில் பிழைத்தவர்களுக்கு யார் பொறுப்பு?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: வங்கக் கடலில் புயல்கள் அதிகமாக உருவாகும் காலமும், நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. அதனால், கடலோர மாநிலம் ஒன்று புயலால் சீரழிந்த ஆண்டுகளில் அவை கூடியதும் அம்மாநில உறுப்பினர்கள் எழுந்து இரண்டு கோரிக்கைகளை வைப்பது வழக்கமாகிவிட்டது. நிகழ்ந்ததை "தேசியப் பேரிடர்" என அறிவிக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. மாநில அரசு கேட்ட தொகையை முழுமையாக வழங்க வேண்டும் என்பது இரண்டாவது. அரசுத் தரப்பின் பதிலும் ஆட்சிகள் மாறினாலும் மாறுவதில்லை. அவ்வாறு அறிவிக்க விதிகளில் இடமில்லை, நிதி நெறிமுறைகளின்படி வழங்கப்படும் என்பதே அந்தப் பதில்.

இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே உண்மையான பிரச்னை கவனிக்கப்படாமலேயே போய்விடுகிறது. புயலில் மக்கள் இறப்பதைத் தடுக்கும் கலையை இந்தியா கற்றுக்கொண்டுவிட்டது. கால் நூற்றாண்டில் இந்த நாட்டின் அரசு நிர்வாகம் ஈட்டிய மிகப்பெரிய வெற்றிகளில் அது ஒன்று. ஆனால், உயிர் தப்பி ஊர் திரும்பும் மனிதர் தம் வீட்டையும் படகையும் தோப்பையும் மீண்டும் பெறுவதற்கான ஏற்பாடு, சட்டத்திலும் நிதி விதிகளிலும் இன்னமும் அரைகுறையாகவே இருக்கிறது. இதற்கான பொறுப்பில் பெரும்பங்கு நாடாளுமன்றத்தையே சாரும்.

1999 கற்பித்த பாடம்

அன்று ஒரிசா என அழைக்கப்பட்ட ஒடிசாவின் பாரதீப் அருகே 1999 அக்டோபர் 29-ம் தேதி கரையைக் கடந்த சூப்பர் புயல், மணிக்கு 250 கிலோ மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வீசியது. கடல் ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்குப் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. கரையைக் கடந்த பின்னரும் புயல் நகராமல் ஏறத்தாழ ஒன்றரை நாள் கடலோர மாவட்டங்களின் மீதே நின்று மழையைக் கொட்டியது. அரசுக் கணக்கின்படியே 9,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தில் ஊர் ஊராக மக்கள் மடிந்தனர். லட்சக்கணக்கான கால்நடைகள் மாண்டன.

புயல் வருவது தெரியாமல் இந்த அழிவு நேரவில்லை. 12 நாள்களுக்கு முன்புதான் கோபால்பூர் அருகே மற்றொரு கடும் புயல் தாக்கியிருந்தது. இந்திய வானிலை ஆய்வு மையமும் எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டவர்கள் எங்கே போவது? மாநிலம் முழுவதிலும் அப்போது இருபதுக்குச் சற்று அதிகமான புயல் பாதுகாப்பு மையங்களே இருந்தன. அவையும் பெரும்பாலும் செஞ்சிலுவைச் சங்கம் கட்டியவை. புயலுக்குப் பிறகு தொலைபேசி, மின்சாரம், சாலை மூன்றும் அற்றுப்போயின. நிவாரணத்தை வழிநடத்த வேண்டிய புவனேசுவரமே வெளியுலகத் தொடர்பை இழந்தது. பல ஊர்களுக்கு உணவும் குடிநீரும் சென்று சேர நாள்கள் பல ஆயின. இந்தத் தோல்வியின் அரசியல் விலையாக முதல்வர் கிரிதர் கமாங் அந்த ஆண்டு முடிவதற்குள் பதவி விலகினார்.

அதற்கு முன்பும் இத்தகைய அழிவு நேர்ந்ததுண்டு. 1977 நவம்பர் 19-ம் தேதி ஆந்திரத்தின் கிருஷ்ணை ஆற்று முகத்துவாரத்தில் உள்ள திவிசீமா பகுதியைப் புயல் அலை விழுங்கியபோது பல்லாயிரம் பேர் மாண்டனர். எனினும், அந்த அனுபவம் நாடு தழுவிய ஏற்பாடாக மாறவில்லை. 1999-ன் அனுபவம் மாறியது.

உயிர் காக்கும் ஏற்பாடு

புயல் வீசி இரண்டு மாதங்களில், 1999 டிசம்பரில், பேரிடர் தடுப்புக்கெனத் தனி அமைப்பை ஒடிசா உருவாக்கியது. இத்தகைய அமைப்பை மாநில அளவில் முதன்முதலில் கண்டது அம்மாநிலமே. 2001-ல் மாநிலத்துக்கெனத் தனி மீட்புப் படை அமைக்கப்பட்டது. மத்தியில், அதுவரை வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்த பேரிடர் மேலாண்மை 2002-ல் உள்துறை அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. பேரிடர் என்றால் வறட்சி, அதற்கான பரிகாரம் தானியம் என்றிருந்த பழைய கண்ணோட்டம் இதன்பிறகே மாறத் தொடங்கியது.

ஆயினும், சட்டம் வருவதற்கு மற்றொரு பேரழிவு தேவைப்பட்டது. 2004 டிசம்பர் 26-ம் தேதி நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரையிலும், அந்தமான், நிகோபார் தீவுகளிலும் ஆழிப்பேரலை ஏற்படுத்திய பேரிழப்பே பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கு உடனடிக் காரணமாயிற்று. 2005 டிசம்பரில் அச்சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பிரதமர் தலைமையில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், முதல்வர்கள் தலைமையில் மாநில ஆணையங்கள், மாவட்ட அளவில் தனி ஆணையங்கள், தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆகியவை அச்சட்டத்தின் வழியே வந்தவை.

2011-ல் உலக வங்கியின் உதவியுடன் தேசியப் புயல் அபாயத் தணிப்புத் திட்டம் முதலில் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் தொடங்கப்பட்டது. பள்ளியாகவும் சமுதாயக் கூடமாகவும் ஆண்டு முழுவதும் பயன்படக்கூடிய பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. ஒடிசாவில் இவற்றின் எண்ணிக்கை 800-ஐக் கடந்தது. கடலோரக் கிராமங்களுக்கு ஒரே நேரத்தில் எச்சரிக்கை விடுக்கும் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் 2018-ல் பயன்பாட்டுக்கு வந்தன.

இவற்றின் பலனைக் கணக்கிடுவது எளிது. 2013 அக்டோபர் 12-ம் தேதி கோபால்பூர் அருகே கரை கடந்த பைலின் புயல், 1999-க்குப் பின் அம்மாநிலம் கண்ட மிகக் கடுமையான புயல். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். ஒடிசாவில் உயிரிழந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே 3-ம் தேதி புரி அருகே ஃபானி புயல் தாக்கியபோது, மக்களவைத் தேர்தலுக்கு நடுவே, சுமார் 12 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டனர். இறந்தோர் 64 பேர். ஆயிரங்களில் இருந்த எண்ணிக்கை பத்துகளுக்கு இறங்கியதைப் பிற நாடுகளும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் பாராட்டின.

எனினும், இந்த ஏற்பாடு எல்லா இடங்களையும் எட்டிவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தமிழக, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். கரையில் உள்ளவரைக் காக்கும் ஏற்பாடு கடலில் உள்ளவருக்கு இல்லை என்பதை ஒக்கி உணர்த்தியது. படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவிகள் வழங்கும் முயற்சி அதன் பிறகே வேகம் பெற்றது.

இரண்டாவது கணக்கு

உயிரிழப்புக் கணக்கு இவ்வாறு குறைந்துவர, மற்றொரு கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஃபானி புயலால் ஏற்பட்ட சேதத்தையும் இழப்பையும் ஒடிசா அரசு, உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐக்கிய நாடுகள் அமைப்புகள் ஆகியவை சேர்ந்து மதிப்பிட்டன. தொகை ஏறத்தாழ ரூ.24,000 கோடி. வீடுகளுக்கும் மின்கட்டமைப்புக்கும் நேர்ந்த சேதம் அதில் பெரும்பங்கு. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து அப்புயலுக்காக உயர்நிலைக் குழு ஒப்புதல் அளித்த தொகை ரூ.3,338 கோடி.

2020 மே 20-ம் தேதி மேற்கு வங்கத்தைத் தாக்கிய அம்பான் புயலில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சேதம் ரூ.1 லட்சம் கோடிக்கு மேல் என்றது மாநில அரசு. பிரதமர் உடனடியாக ரூ.1,000 கோடி அறிவித்தார். ஆறு மாதங்களுக்குப் பின், நவம்பரில், மத்திய உயர்நிலைக் குழு ஒப்புதல் அளித்த தொகை ரூ.2,707 கோடி.

தமிழகத்துக்கும் இது புதிதன்று. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது மாநில அரசு கேட்டது ஏறத்தாழ ரூ.15,000 கோடி. ஆண்டின் கடைசி நாளில் மத்தியக் குழு ஒப்புதல் அளித்தது ரூ.1,146 கோடி.

மூன்று புயல்கள், மூன்று மாநிலங்கள், மூன்று வெவ்வேறு கட்சிகளின் ஆட்சி. கேட்ட தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் உள்ள இடைவெளி மட்டும் மூன்றுக்கும் பொது. கட்சி அரசியலால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. காரணம் விதிகளிலேயே இருக்கிறது.

நிவாரணமா, இழப்பீடா?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி ஒவ்வொரு மாநிலத்திலும் முன்கூட்டியே வைக்கப்படுகிறது. பொதுவாக அதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது; கால் பங்கு மாநிலத்துடையது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 90 சதவீதம். அந்த நிதி போதாதபோது மாநில அரசு கோரிக்கை மனு அனுப்பும். பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய மத்தியக் குழு பார்வையிடும். அதன் அறிக்கை பரிசீலிக்கப்பட்டு, உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு தேசிய நிதியிலிருந்து கூடுதல் தொகையை முடிவு செய்யும்.

இந்தத் தொகை "நிவாரணம்" மட்டுமே, "இழப்பீடு" அன்று என்று நாடாளுமன்றத்தில் அளிக்கப்படும் எழுத்துப்பூர்வ பதில்களில் அரசு தவறாமல் குறிப்பிடுகிறது. மாநில அரசு இழந்ததைக் கணக்கிட்டுக் கேட்கிறது. மத்திய அரசு நெறிமுறையைப் பார்த்துத் தருகிறது. இரண்டு அளவுகோல்கள் இருக்கும்வரை இரண்டு தொகைகளும் ஒன்றை ஒன்று நெருங்கப் போவதில்லை.

அந்த நெறிமுறைகள் எப்படிப்பட்டவை? 2022 முதல் 2026 வரையான காலத்துக்கு வகுக்கப்பட்ட அளவுகளின்படி, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம், சமவெளியில் முற்றிலும் சேதமடைந்த வீட்டுக்கு ரூ.1.20 லட்சம், குடிசைக்கு ரூ.8,000; முற்றிலும் அழிந்த, இயந்திரம் பொருத்தாத படகுக்கு ரூ.15,000. எல்லாம் இழந்த குடும்பம் சில வாரங்களைக் கடத்த இத்தொகை உதவலாம். இழந்த தொழிலை மீண்டும் தொடங்க உதவாது.

கஜா புயலில் வீழ்ந்த தென்னைகளே இதற்குத் தெளிவான சான்று. அப்போதைய நெறிமுறைப்படி பல்லாண்டுப் பயிர்களுக்கு ஒரு ஹெக்டேருக்கு ரூ.18,000. ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 175 தென்னைகள் இருக்கும் எனக் கொண்டால், மரம் ஒன்றுக்குச் சுமார் நூறு ரூபாய். ஒரு தென்னை காய்க்கத் தொடங்கவே சில ஆண்டுகள் ஆகும். முழுப் பலன் தர இன்னும் காலமாகும். மாநில அரசு தன் நிதியைச் சேர்த்து, விழுந்த மரத்தை அகற்றும் செலவு உள்பட, மரத்துக்கு ரூ.1,100 வழங்கியது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத் தென்னை விவசாயிகளுக்கு அதுவும் போதவில்லை. ஒடிசாவில் ஜகத்சிங்பூர், புரி பகுதிகளின் வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னந்தோப்புகளும் புயலுக்குப் புயல் சந்திப்பது இதே நிலையைத்தான்.

நிலத்தின் உரிமை ஆவணம் பெயரில் இல்லாத குத்தகை விவசாயிக்கும், பிறர் படகில் கூலிக்குச் செல்லும் மீனவருக்கும் இந்த நிவாரணம்கூட எளிதில் கிடைப்பதில்லை. எர்சமாவில் 1999-ல் உயிரிழந்தவர்களில் எத்தனையோ பேர் இத்தகையோர். அவர்களைப் போன்றவர்களின் உயிரை இன்று அரசு காக்கிறது. அவர்களின் இழப்பைப் பதிவு செய்யத்தான் ஏட்டில் இடமில்லை.

இல்லாத ஒரு பட்டம்

இந்நிலையில், "தேசியப் பேரிடர்" என அறிவிக்கக் கோருவது உறுப்பினர்களுக்கு இயல்பாகத் தோன்றலாம். ஆனால், அத்தகைய பட்டம் எதுவும் 2005-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. 1995 முதல் 2000 வரையான காலத்துக்குப் பரிந்துரை அளித்த 10-வது நிதிக் குழு, ஒரு மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்கு மக்களைப் பாதிக்கும் அழிவைத் தனியாக வகைப்படுத்தலாமா என்று ஆராய்ந்தது. "அரிதான கடுமை" கொண்ட பேரிடர் எது என்பதை அந்தந்த நிகழ்வைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் எனக் கூறியதோடு அது நிறுத்திக்கொண்டது. 2001-ல் பிரதமர் வாஜ்பாய் தலைமையில் அமைந்த குழுவும் நிலையான இலக்கணம் எதையும் வகுக்கவில்லை.

"கடுமையான தன்மை கொண்ட பேரிடர்" என்ற வகைப்பாடு மட்டும் நடைமுறையில் இருக்கிறது. 2013-ல் உத்தரகண்ட் வெள்ளமும், 2014-ல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூத்ஹூத் புயலும், 2024-ல் வயநாடு நிலச்சரிவும் அவ்வாறு ஏற்கப்பட்டன. இந்த வகைப்பாட்டால் நெறிமுறைத் தொகைகள் உயர்ந்துவிடுவதில்லை. ஆக, அவையில் மணிக்கணக்கில் எழுப்பப்படும் கோரிக்கை, வெற்றி பெற்றாலும் எர்சமாவின் விவசாயிக்கோ வேதாரண்யத்தின் மீனவருக்கோ கூடுதலாக ஒரு ரூபாயையும் உறுதி செய்யாது.

சட்டத்தில் இருந்தும் வராத நிதி

நாடாளுமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. பேரிடர் வந்தபின் செலவிடும் நிவாரண நிதிக்கு அடுத்தபடியாக, பேரிடர் வருமுன் செலவிட வேண்டிய தணிப்பு நிதியையும் 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 47-வது பிரிவு குறிப்பிட்டது. கடலோரக் கரைகளைப் பலப்படுத்துதல், மின்கம்பிகளைப் புயல் தாங்கும் வகையில் அமைத்தல், அலையாத்திக் காடுகளை வளர்த்தல் போன்றவற்றுக்கு அந்நிதி பயன்பட்டிருக்கும். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அது அமைக்கப்படவில்லை.

2016 மே மாதம் வறட்சி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்று மாதங்களுக்குள் தணிப்பு நிதியை அமைக்குமாறு உத்தரவிட்டது. அதே நாளில் மாநிலங்களவையில் பேசிய அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, இரண்டு நிதிகள் ஏற்கெனவே இருக்க, நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்கு வெளியே மூன்றாவது நிதியைத் தாம் எப்படி உருவாக்குவது என்று கேட்டார். நீதித் துறை தன் எல்லையைக் கடக்கிறது என்ற வாதத்துக்கு அவையில் ஆதரவும் இருந்தது. ஆனால், அந்த நிதியைச் சட்டத்தில் எழுதியது நீதிமன்றம் அன்று, அதே நாடாளுமன்றம்தான்.

15-வது நிதிக் குழு பரிந்துரைத்த பிறகு, 2021 பிப்ரவரியில்தான் தேசியப் பேரிடர் தணிப்பு நிதி அமைந்தது. சட்டம் வந்து 15 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில் ஐலா, பைலின், ஹூத்ஹூத், ஒக்கி, கஜா, ஃபானி, அம்பான் என ஏழு பெரும் புயல்கள் வந்து போயின. இந்நிதியின் கீழ் ஒப்புதல் பெற்ற முதல் நகர்ப்புற வெள்ளத் தணிப்புத் திட்டம் சென்னைக்கானது. ரூ.561 கோடி மதிப்பிலான அத்திட்டம் அறிவிக்கப்பட்டது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலால் நகரம் வெள்ளத்தில் மூழ்கிய அதே வாரத்தில்.

15-வது நிதிக் குழு மற்றொரு முக்கிய மாற்றத்தையும் செய்தது. 2021 முதல் 2026 வரையான ஐந்தாண்டுகளில் மாநிலங்களுக்கு ரூ.1,60,153 கோடி எனக் கணக்கிட்டு, அதை நான்காகப் பிரித்தது. உடனடி நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் 30 சதவீதம், ஆயத்தப் பணிகளுக்கு 10 சதவீதம், தணிப்புக்கு 20 சதவீதம். கடலரிப்பாலும் ஆற்று அரிப்பாலும் இடம்பெயர்வோரைக் குடியமர்த்த ரூ.1,000 கோடி எனத் தனியாகவும் ஒதுக்கியது. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா ஊரைக் கடல் விழுங்க, அம்மக்கள் பாகபாட்டியாவில் குடியமர்த்தப்பட்டதை நினைத்தால் இந்த ஒதுக்கீட்டின் தேவை விளங்கும்.

நிவாரணத்திலிருந்து மறுவாழ்வுக்கு நகரும் நல்ல திட்டம் இது. ஆனால், மறுகட்டமைப்பு நிதியைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிகளை உள்துறை அமைச்சகம் வெளியிட்டது 2024 ஆகஸ்டில். ஐந்தாண்டுக் காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு! இந்தத் தாமதம் அவையில் பெரிய விவாதம் எதையும் எழுப்பவில்லை.

2025-ல் மற்றொன்று நிகழ்ந்தது. கடுமையான பேரிடரில் பாதிக்கப்பட்டோரின் கடன் திருப்பிச் செலுத்துதலில் சலுகையும், சலுகை வட்டியில் புதுக் கடனும் பரிந்துரைக்கும் அதிகாரத்தை 13-வது பிரிவு தேசிய ஆணையத்துக்கு அளித்திருந்தது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அப்பிரிவை நீக்கிவிட்டது. நகரங்களுக்குத் தனி ஆணையம், பேரிடர் தரவுத்தொகுப்பு போன்ற பயனுள்ள அம்சங்கள் அத்திருத்தத்தில் உண்டு. ஆயினும், தோப்பை இழந்து வங்கிக் கடனோடு நிற்கும் விவசாயிக்குச் சட்டத்தில் இருந்த ஒரே பிடிமானம் போய்விட்டது. வயநாட்டில் பாதிக்கப்பட்டோரின் கடன் தொடர்பான வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் வந்தபோதே பலருக்கு இந்த நீக்கத்தின் விளைவு புரிந்தது.

மாநிலங்களின் பங்கு

குறை முழுவதும் தில்லியில் இருப்பதாகக் கூறுவது நேர்மையாகாது. சேத மதிப்பீட்டை மாநில அரசுகள் தயாரிக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பழைய சாலையைச் செப்பனிடும் செலவும், நெடுநாள் கிடப்பில் கிடந்த திட்டங்களும் மனுவில் இடம்பெறுவதாக மத்திய அதிகாரிகள் குறை கூறுவதுண்டு. அம்பான் நிவாரணத்தில் வீடு இழக்காதவர்களும் பயனாளிகள் பட்டியலில் இடம்பெற்றதாகப் புகார் எழுந்தது. 2020 டிசம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நிவாரண விநியோகத்தைத் தணிக்கை செய்யுமாறு இந்தியத் தலைமைத் தணிக்கையாளருக்கு உத்தரவிட்டது.

சுந்தரவனத்தின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 2009 மே மாதம் ஐலா புயல் அங்குள்ள ஆற்றுக் கரைகளை உடைத்து உப்புநீரை வயல்களில் பாய்ச்சியது. கரைகளைச் சீரமைக்க ஏறத்தாழ ரூ.5,000 கோடியில் திட்டம் ஒப்புதல் பெற்றது. நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட தடையால் அதில் சிறு பகுதியே நிறைவேறியது. அம்பானிலும், மறு ஆண்டு யாஸ் புயலிலும் அதே பகுதிகளில் கரைகள் உடைந்தன. உப்பேறிய நிலத்தை விட்டுத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்கு வந்த சுந்தரவன இளைஞர்கள் ஏராளம். அவர்களின் பெயர் எந்தப் புயலின் பாதிப்புப் பட்டியலிலும் இல்லை.

2021 மே மாதம் யாஸ் புயலுக்குப் பிறகு நடந்த ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. ஆய்வுக் கூட்டத்தை முன்னிட்டு மத்திய அரசுக்கும் மேற்கு வங்க அரசுக்கும் மூண்ட மோதலே அப்போது தலைப்புச் செய்தி ஆனது. அதே நாளில் ஒடிசா முதல்வராக இருந்த நவீன் பட்நாயக், உடனடி நிதியுதவி எதையும் தாம் கோரவில்லை என்றும், புயல் தாங்கும் மின்கட்டமைப்பும் உறுதியான கடற்கரைக் கரைகளும் அமைக்க நீண்டகால உதவியே தேவை என்றும் தெரிவித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புயல்களைச் சந்தித்த மாநிலத்தின் அனுபவம் அந்தக் கோரிக்கையில் இருந்தது. பத்திரிகைகளில் அதற்குக் கிடைத்த இடம் குறைவு.

இயற்கையின் அரணும் மறக்கத்தக்கதன்று. 1999 புயலின்போது கேந்திரபாரா மாவட்டத்தில் அலையாத்திக் காடுகள் அடர்ந்திருந்த பகுதிகளின் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்ததை 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று நிறுவியது. 2024 அக்டோபரில் டானா புயல் கரை கடந்ததும் அதே மாவட்டத்தின் பிதர்கனிகா காடுகளை ஒட்டித்தான்.

அவை செய்ய வேண்டியது

2026 ஏப்ரல் முதல் 2031 மார்ச் வரையான ஐந்தாண்டுகள் 16-வது நிதிக் குழுவின் பரிந்துரைகளுக்கு உட்பட்டவை. புதிய நிதிக்காலம் ஒன்று தொடங்கும்போது நெறிமுறைகளும் புதிதாக வகுக்கப்படுவது மரபு. கடலோர மாநிலங்களின் உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, தங்கள் குரலைச் செலுத்த வேண்டிய இடம் இதுவே.

மூன்று கோரிக்கைகளை அவர்கள் முன்வைக்கலாம். நிவாரண அளவுகளை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். மத்தியக் குழு பார்வையிட்ட நாளிலிருந்து உயர்நிலைக் குழு முடிவெடுக்கும் நாள் வரை காலவரம்பு விதித்து, இரு தரப்பும் ஏற்கும் ஒரே மதிப்பீட்டு முறையைச் சட்டபூர்வமாக்க வேண்டும். மறுகட்டமைப்புக்கும் தணிப்புக்கும் ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவானது, எந்த ஊரில் செலவானது என்ற அறிக்கையை ஆண்டுதோறும் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். குத்தகையாளரையும் கூலி மீனவரையும் பட்டியலில் சேர்க்கும் வழியும் இந்த நெறிமுறைகளுக்குள்ளேயே காணப்பட வேண்டும்.

இதற்கு மக்களவையில் 193-வது விதியின் கீழும், மாநிலங்களவையில் 176-வது விதியின் கீழும் குறுகிய கால விவாதம் கோர வழியுண்டு. பூஜ்ய நேரத்தில் மூன்று நிமிடம் பேசி முடிக்கும் விஷயமன்று இது. உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை ஆராயும் நிலைக்குழுவிலும் இக்கேள்விகளை எழுப்பலாம். அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை. ஆனால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

எர்சமாவில் 1999-ல் ஒதுங்க ஓர் இடம் இருந்திருந்தால் பல்லாயிரம் பேர் பிழைத்திருப்பார்கள். இன்று அந்த இடம் இருக்கிறது. புயல் ஓய்ந்ததும் அங்கிருந்து வெளியே வருபவர், உயிரோடு இருப்பதற்கு நன்றி கூறிவிட்டு, கடனையும் உப்பு வயலையும் நோக்கித்தான் நடக்கிறார். அவருக்கு நிவாரணம் தருகிறோமா, மறுவாழ்வு தருகிறோமா என்பதை நெறிமுறை எழுதும் அதிகாரிகளிடம் விட்டுவிடாமல், அவரைப் போன்றோரின் வாக்குகளைப் பெற்று வந்தவர்கள் முடிவு செய்ய வேண்டும்.